பிஸ்கட் டின்னில் நின்ற முக்கோணம்

அம்மா இரவு ஷிப்ட் பார்த்த வீட்டில் வளர்ந்தவர்கள், என் வயதுத் தோழிகளே, உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. சந்தித்தால் முழங்கால் வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று பேசிவிட்டுப் பிரிகிறோம். இதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. நம் தீவின் பாயான் லெப்பாஸில் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பிய காலம் அது. காலையில் நம் தெருக்களில் நீலச் சட்டை போட்ட பெண்கள் கண் சிவந்து நடந்து வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. ஒரு வருடம் எங்கள் பள்ளியில் நடந்த பரிசளிப்பு விழாவுக்கு முந்தைய சில வாரங்களைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயது. இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் ஆண்டுப் படிப்பு. கீழ்ப்படிவங்களுக்கு அப்போது மத்தியானப் பள்ளி. ஒரு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறரைக்குத்தான் விடுவார்கள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பார், மற்ற மாதங்களில் தபால்தலைகளாக வருவார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஜார்ஜ் டவுனில், காப்பிக்கொட்டை வறுக்கும் ஒரு சீனர் கடைக்கு மேலே, பலகைத் தரை போட்ட இரண்டு அறைகள்தான் எங்கள் வீடு. தொழிற்சாலை பஸ்ஸைக் கிலாங் பஸ் என்போம். அது காலை ஏழரைக்கு அம்மாவை முச்சந்தியில் இறக்கிவிடும். வந்ததும் குளித்து, ஒரு குவளை காப்பி குடித்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார். நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை, கிட்டத்தட்ட நாலரை மணி நேரம், அந்த வீட்டில் விழித்திருப்பது நான் ஒருத்திதான்.

சத்தமில்லாமல் வாழ்வது ஒரு பழக்கம். குழாயில் ஒரு துணியைக் கட்டி அதன் வழியே தண்ணீரை இறக்கினால் வாளியில் விழும் ஓசை வராது. எந்தப் பலகை கிறீச்சிடும், எதன் ஓரத்தில் கால் வைக்கலாம் என்று தெரிந்து வைத்திருந்தேன். தும்மல் வந்தால் தலையணையைத் தேடுவேன். கீழே கடையில் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் காப்பிக்கொட்டையை வறுப்பார்கள். கருகிய இனிப்பு வாசனை பலகை இடுக்குகள் வழியே மேலே ஏறிவரும். அந்த வாசனையும் நானும் மட்டும் அறையில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு விஷயம் எனக்கு விளங்காமலே இருந்தது. தெருவில் லோரி போனாலும், கடையில் மூட்டையைத் தொப்பென்று போட்டாலும் அம்மா அசையமாட்டார். நான் ஒரு கரண்டியைத் தவறவிட்டால் போதும், உடனே எழுந்து வந்து நிற்பார். என்மேல்தான் அவருக்கு எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த உடம்பு தானாக எழுந்துகொண்டது என்பது, எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது.

பள்ளியில் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. வயலின் வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பள்ளியின் தாள வாத்தியங்களைக் கொடுப்பார்கள். குழுவை நடத்திய இசை டீச்சர் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, ஆடாமல் அசையாமல் நின்ற என்னிடம் டிரையாங்கலைக் கொடுத்தார். பென்சில் பருமனுள்ள எஃகுக் கம்பியை மூன்று சம பக்கங்களாக வளைத்து, ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் விட்ட வாத்தியம். நூலில் தொங்கவிட்டு ஒரு சிறு கம்பியால் தட்ட வேண்டும். விழாவில் வாசிக்கவிருந்த பாட்டில் எனக்கு ஒரே ஒரு தட்டல். அறுபத்து நான்கு தாளக்கட்டுகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வயலின்கள் எல்லாம் ஓய்ந்த இடத்தில் ஒரு முறை தட்ட வேண்டும்.

ஒத்திகையில் அந்த ஓசையைக் கேட்டபோது எனக்கு மேல் சிலிர்த்தது. நான் தட்டியது ஒரு நொடி. அது மண்டபம் முழுக்கப் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. அன்று யாரிடமும் கேட்காமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்த சதுர பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. அதற்குள் டிரையாங்கலை நிமிர்த்தி வைத்து மூடியை அழுத்தினால், உச்சி மூடியைச் சரியாகத் தொடும். ஆடாது, குலுங்காது. ஒத்திகைகளுக்கெல்லாம் அப்படிக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததில் மூடியின் உள்பக்கத்தில் சின்னக் கீறல் ஒன்று விழுந்திருந்தது.

வீட்டில் அதைத் தட்டியதே இல்லை. வெறுமனே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலை, அடுப்படி ஜன்னலோரம் போய் நின்று, நகத்தால் தொடுவதுபோல் மெல்ல ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். இவ்வளவு நேரம் நீளும் என்று நினைக்கவில்லை. கையால் பொத்துவதற்குள் அம்மா தலைமுடி அவிழ்ந்தபடி ஓடி வந்துவிட்டார்.

"என்னாம்மா, என்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"மணி அடிச்ச மாதிரி இருந்துச்சே." என் கையைப் பார்த்தார். தன் கையை நீட்டினார். டிரையாங்கலை மட்டும் கொடுத்தேன். "ரெண்டு மணி நேரம் தூங்க விடும்மா. அது போதும் எனக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

மாலையில் பள்ளிவிட்டு வந்து கேட்டேன்.

"அம்மா, அந்தக் கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"காலையில வாங்கி வெச்சீங்களே."

"அதுவா? சூராட் காபார்க்காரன் வந்தான், பழைய பேப்பரோட போட்டுட்டேன். வேணுமா என்ன? எங்க கெடச்சுச்சு அது?"

சூராட் காபார்க்காரன் என்றால் மூன்று சக்கர வண்டியில் பழைய பேப்பரும் இரும்பும் எடுக்க வருகிறவன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை இரவெல்லாம் ஒட்டுகிற வேலை அவருக்கு. தட்டைப் பார்க்கும்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார். அது பள்ளிக்கூடத்துப் பொருள் என்று சொன்னால், அடுத்த நாள் தூங்காமல் பள்ளிக்கு வந்து, டீச்சர் முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்பார். எனக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது.

"ரோட்டுல கெடந்துச்சும்மா" என்றேன்.

மறுநாள் காலை அவர் தூங்கியதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி, பழைய இரும்புக் கடையைத் தேடிப் போனேன். சைக்கிள் சக்கரங்களும் துருப்பிடித்த விசிறிகளும் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. கடைக்காரச் சீனர் என்னை உட்காரச் சொன்னார். நான் விரலால் காற்றில் முக்கோணம் போட்டுக் காட்டினேன். "சுடா பெர்கி லா, அமோய்" என்றார். அமோய் என்றால் சின்னப் பெண்; அது போய்விட்டதாம். காலையிலேயே லோரி ஃபெரியில் ஏறிவிட்டது. கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எங்கோ உருக்குவார்களாம். பாவமாக இருந்திருக்க வேண்டும், ஒரு பழைய சைக்கிள் மணியை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஒத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதே அளவில் ஒன்று செய்தால் யாருக்கும் தெரியாது என்று முடிவு செய்தேன். ஆனால் என்ன அளவு? நான் அதை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. கையில் மிஞ்சியிருந்தது தட்டும் கம்பியும் அந்த டின்னும்தான். டின்னுக்குள் ஸ்கேலை நிமிர்த்தி மூடிவரை அளந்தேன். பதின்மூன்று சென்டிமீட்டர். உயரம் கிடைத்துவிட்டது. பட்டறைக்காரரிடம் போனால் அவர் பக்கத்தின் நீளத்தைத்தானே கேட்பார்?

மூன்று பக்கமும் சமம் என்றால் உயரமும் அதே அளவுதானே என்று முதலில் நினைத்தேன். சிரிக்காதீர்கள். இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சிகள் மூன்றைப் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு ஒடித்தேன். ஒடியும் சத்தம் கேட்காமலிருக்கத் தலையணைக்கு அடியில் வைத்து ஒடித்தேன். நூலால் கட்டி டின்னுக்குள் நிறுத்தினால், மூடிக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு விரலே நுழைந்தது. குச்சி சாய்ந்து நிற்கிறது, சாய்ந்து நிற்பது தன் முழு நீளத்துக்கு உயர முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

குச்சிகளை மாற்றி மாற்றி ஒடித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஒவ்வொரு குச்சியும் ஒரு சத்தம். கணக்குக்குச் சத்தம் கிடையாது. பென்சிலை மட்டும் அழுத்தாமல் எழுத வேண்டும்.

கணக்கு நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்து, உச்சியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கினேன். அது அடிப்பக்கத்தைச் சரிபாதியாக வெட்டியது. இப்போது இரண்டு செங்கோண முக்கோணங்கள். செங்கோண முக்கோணத்தின் கணக்கை அந்த வருடம்தான் படித்திருந்தோம். அடிப்பக்கத்தின் பாதியை ஒரு பங்கு என்று வைத்தால், சாய்ந்த பக்கம் இரண்டு பங்கு. இரண்டின் வர்க்கம் நான்கு. அதில் ஒன்றைக் கழித்தால் மூன்று. ஆக, பாதிப் பக்கத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் உயரத்தின் வர்க்கம் வர வேண்டும். பதின்மூன்றின் வர்க்கம் நூற்று அறுபத்தொன்பது. மூன்றால் வகுத்தால் ஐம்பத்தாறு புள்ளி மூன்று மூன்று. நம்மிடம் அப்போது நான்கு இலக்க அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்ததே, ஓரம் மடிந்து மடிந்து பஞ்சாகிப்போன மெல்லிய புத்தகம், அதைப் புரட்டி வர்க்கமூலம் பார்த்தேன். ஏழு புள்ளி ஐந்து சுழியம் ஐந்து. இரண்டால் பெருக்கினேன். பதினைந்து.

அந்தப் பதினைந்தைப் பார்த்ததும் ஏனோ நம்பிக்கை வந்துவிட்டது. செய்கிறவன் அப்படி ஒரு முழு எண் அளவில்தானே செய்திருப்பான். மறுபடி மூன்று குச்சி, மறுபடி தலையணை. டின்னுக்குள் நிறுத்தி மூடியை அழுத்தினேன். உச்சி மூடியைத் தொட்டது. கீறல் இருந்த அதே இடத்தில்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான் அதுவரை சொந்தமாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறை வாசல்வரை போனேன். போர்வை தொங்கிய இருட்டில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிறீச்சிடாத பலகைகளாகப் பார்த்து மிதித்துத் திரும்பி வந்து, நோட்டை மூடி வைத்தேன். இன்றுவரை அந்தக் கணக்கை நான் யாருக்கும் காட்டியதில்லை.

இரண்டு தெரு தள்ளி, ஜன்னலுக்குக் கிரில் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த அண்ணன் தமிழர்.

"என்னா தங்கச்சி, பக்கம் எத்தனை இஞ்சு?"

"பதினஞ்சு சென்டிமீட்டர்ண்ணே."

"சென்டிமீட்டர்லாம் ஸ்கூல்லதான். நமக்கு இஞ்சு லா." டேப்பை இழுத்துப் பார்த்தார். "ஆறு இஞ்சுன்னு சொல்லு. மூணு பக்கம், பதினெட்டு. வெட்டி மிஞ்சின துண்டு கெடக்கு, அதுலயே செஞ்சி தாரேன். என்னாத்துக்கு?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட்."

மூலையைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் இரண்டு போடு போட்டு மடக்கினார். அந்தச் சத்தத்தில் என்னையறியாமல் என் தோள் குறுகியது. யாரையும் எழுப்பாத சத்தம் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மூலையை ஒட்டாமல் விடச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. பேசிப் பழக்கமில்லாததால் சொல்வதற்குள் நேரம் தப்பிவிட்டது. அவர் முகமூடியை இறக்கி அந்த மூலையையும் நன்றாக வெல்ட் வைத்துவிட்டார்.

"இப்ப யான வந்து மிதிச்சாலும் பிரியாது."

வழியில் ஒரு சந்தில் நின்று நூலில் கட்டித் தட்டிப் பார்த்தேன். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெகுநேரம் அந்தச் சந்திலேயே நின்றேன். பிறகு திரும்பிப் போனேன்.

"அண்ணே, இந்த மூலைய வெட்டி விடணும்."

"ஏன்? கஷ்டப்பட்டு ஒட்டினேனே."

"ஒட்டினா சத்தம் வராதுண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், முக்கோணத்தைப் பார்த்தார். "சத்தம் வரணுமா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று ரம்பத்தை எடுத்தார். அறுத்து முடித்துத் தானே தொங்கவிட்டு ஆணியால் தட்டினார். பழையதுபோல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்த குரல், சீக்கிரம் அடங்கிவிட்டது. ஆனாலும் அது டிரையாங்கலின் குரல்தான். "அட" என்று அவர் இன்னொரு முறை தட்டினார்.

கருத்த இரும்பை மணல்தாளால் நான்கு நாள் தேய்த்தேன். ஒத்திகைக்குக் கொண்டுபோனபோது இசை டீச்சர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பள்ளிப் பொருளை இப்படியா கறுக்க விடுவாய்? நீ பொறுப்பான பெண் என்றல்லவா நினைத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது வேறு ஒன்று என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

விழா அழைப்பிதழை அம்மாவிடம் கொடுத்தேன்.

"நீ என்னா வாசிக்கிற?"

"மணி மாதிரி ஒண்ணும்மா. ஒரே தடவதான் அடிக்கணும்."

அம்மா அழைப்பிதழைத் திருப்பிப் பார்த்தார். "மணி மாதிரியா" என்றார். பிறகு, "நான் வரேன்" என்றார்.

"சனிக்கெழம காலையிலம்மா. நீங்க தூங்கணும்."

"வரேன்னு சொல்றேன்ல."

அவர் வந்தார். கிலாங் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் வேறு பஸ் பிடித்து, நீலச் சட்டையோடே வந்தார். மற்ற அம்மாக்கள் சேலையிலும் கவுனிலும் முன்னால் உட்கார்ந்திருக்க, அவர் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து நான் பார்ப்பதைப் பார்த்துக் கையை இடுப்பளவு உயர்த்தி ஆட்டினார்.

பாட்டு தொடங்கியது. நான் எண்ணத் தொடங்கினேன். முப்பதில் பார்த்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்தில் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. அறுபதில் தாடை நெஞ்சில் படிந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தார். அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு. வயலின்கள் ஓய்ந்தன. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் என் பக்கம் கையை நீட்டினார். நான் கம்பியை உயர்த்தினேன்.

கை இறங்கவில்லை. வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கும்போது சத்தம் போடக்கூடாது. என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டீச்சரின் கை ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு வயலின்களை அழைத்துக்கொண்டது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பாட்டில் ஒரு சின்ன மௌனம் என்று நினைத்திருப்பார்கள். கைதட்டல் எழுந்தபோது அம்மா விழித்துக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"அறுபத்து நான்குவரை எண்ணத் தெரியாத பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்று மேடைக்குப் பின்னால் டீச்சர் கேட்டார். டிரையாங்கலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் எனக்கு இசைத்தாள்களை அடுக்கிக் கொடுக்கும் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்:

"எல்லாரும் நிறுத்தினப்ப நீ ஒண்ணு அடிச்சியே. நல்லா இருந்துச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சாம்மா?"

"கேக்காம? கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு இரண்டு நிறுத்தங்கள் தாண்டுவதற்குள் அவர் கண் மூடிவிட்டது. தலை என் தோளில் சாயவில்லை, ஜன்னல் கம்பியில்தான் சாய்ந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் இடித்தது. என் கையை அவர் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டேன். அந்த டிரையாங்கலை அவர் பள்ளியினுடையது என்று தெரிந்துதான் பழைய இரும்புக்காரனிடம் போட்டாரா, தெரியாமல் போட்டு அன்று புரிந்துகொண்டாரா என்று பின்னாளில் எத்தனையோ முறை கேட்க நினைத்திருக்கிறேன். கேட்காமலே அவரை அடக்கம் செய்தோம்.

எங்கள் நிறுத்தம் வந்தது. நான் மணியை அழுத்தவில்லை. பஸ் கடலோரத்து ஜெட்டிவரை போய் நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து இருக்கையைத் தட்டினார். அம்மா திடுக்கிட்டு எழுந்து, கடலைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"நம்ம எடம் தாண்டிடுச்சா? ஏம்மா எழுப்பல?"

"நானும் தூங்கிட்டேன்மா."

கீழே இறங்கியதும் அம்மா சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். கடந்த பிறகும் விடவில்லை. வெயிலில் அப்படியே வீடுவரை நடந்தோம்.